முட்டிக்குள் இரண்டு பிறைகள்

ஒரே வரி, மூன்று வைத்தியம்

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே சி.டி.எச். சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்த எலும்பு டாக்டரின் கிளினிக்கில் எட்டிப் பார்த்தாலும், மடியில் பெரிய ஸ்கேன் கவரோடு நாலைந்து பேர் காத்திருப்பார்கள். அவர்களில் மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம். இவர்கள் குறிப்பிட்ட யாரும் அல்ல. இந்தப் பக்கத்தில் முட்டி வலியோடு வருகிறவர்களின் மூன்று மாதிரிகள்.

முதலாமவர் 22 வயது இளைஞர். ஆவடிப் பக்கத்து மைதானத்தில் விடியற்காலையில் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறவர். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். சாயங்காலத்தில் கபடி. போன ஞாயிற்றுக்கிழமை பிடியிலிருந்து திமிறித் திரும்பியபோது ஊன்றிய கால் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. மறுநாள் காலை முட்டி வீங்கியிருந்தது. இப்போது காலை முழுதாக நீட்ட வரவில்லை. ஏதோ உள்ளே தடுக்கிறது.

அடுத்தவருக்கு 54 வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஆபரேட்டர். விழவில்லை, அடியும் படவில்லை. ஆறு மாதமாகப் படி இறங்கும்போது முட்டியின் உள்பக்கம் வலிக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாமவர் பூந்தமல்லியில் பூ கட்டி விற்கும் 51 வயது அம்மா. பத்து நாளைக்கு முன்பு தரையிலிருந்து எழுந்தபோது முட்டிக்குப் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். அன்றிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடப்பதே பெரும்பாடு.

மூவரின் எம்.ஆர்.ஐ. அறிக்கையிலும் ஏறக்குறைய ஒரே வரி: உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதியில் கிழிசல். ஆனால் டாக்டர் இளைஞருக்கு, "சீக்கிரம் ஆபரேஷன் பண்ணித் தைக்கணும் தம்பி" என்கிறார். லேத் ஆபரேட்டரிடம், "கத்தியே வேண்டாம், மூணு மாசம் எக்சர்சைஸ் பண்ணுங்க" என்கிறார். பூ கட்டும் அம்மாவிடம், "இதைத் தள்ளிப் போடாதீங்கம்மா, முழு காலையும் எக்ஸ்-ரே எடுத்துட்டு நாளைக்கே வாங்க" என்கிறார். கிழிந்த பொருள் ஒன்று, கிழிந்த பக்கமும் ஒன்று. வைத்தியம் மட்டும் ஏன் மூன்று?

பிறைக்குருத்து

முட்டிக்குள் எது கிழிந்தாலும் 'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்றுதான் பேச்சு. அங்கே கிழியக்கூடியவை இரண்டு வகை. எலும்பை எலும்போடு இழுத்துக் கட்டும் இணைப்பு நார்கள் ஒரு வகை. விளையாட்டுச் செய்திகளில் அடிபடும் ஏ.சி.எல். இதில் சேரும். இன்னொன்று, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே இருக்கும் குருத்தெலும்புத் துண்டு. மெனிஸ்கஸ் என்பது இதுதான். பிறை வடிவில் இருப்பதால் இங்கே அதைப் பிறைக்குருத்து என்போம். ஒவ்வொரு முட்டியிலும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று.

தொடை எலும்பின் கீழ்முனை உருண்டை. அது உட்காரும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனை ஏறக்குறையத் தட்டை. உருண்டையைத் தட்டையின் மேல் வைத்தால் இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் கொஞ்சம்தான். மிச்ச இடைவெளியைப் பிறைக்குருத்து நிரப்புகிறது. வெளி ஓரத்தில் தடிப்பாக இருந்து, மூட்டின் நடுவை நோக்கி வர வர மெலிந்து முடிகிறது. அதன் எடையில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழை.

அந்த இழைகள் ஓடும் திசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலானவை பிறையின் வளைவோடு வளைந்து, ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஓடுகின்றன. மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சுற்றி அடித்த இரும்புப் பட்டை செய்யும் வேலையை அவை செய்கின்றன. மேலிருந்து உடம்பின் எடை அமுக்கும்போது பிறைக்குருத்து வெளியே பிதுங்கப் பார்க்கும். இழைகள் விறைத்து அதை இழுத்துப் பிடிக்கும். கீழ்நோக்கி வந்த அமுக்கம் இப்படிச் சுற்றிலும் பரவிக் கரைந்துவிடுகிறது. ஒரு நிபந்தனை: பிறையின் இரு நுனிகளும் எலும்பில் உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும். இந்த நுனிகளை மருத்துவர்கள் வேர் என்கிறார்கள். வேர் பிடுங்கிக்கொண்டால், பிறை முழுசாக இருந்தும் பட்டை அறுந்த சக்கரத்தின் கதிதான்.

படி இறங்கும் கணக்கு

அம்பத்தூர் ரயில் நிலையத்தின் நடை மேம்பாலத்தில் முட்டி வலிக்காரர்கள் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் கைப்பிடியைத் தேடுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. பெர்லினில் ஒரு ஆய்வுக் குழு, உள்ளே உணர்கருவி பொருத்திய செயற்கை முட்டியை ஐந்து நோயாளிகளுக்கு வைத்து, அவர்கள் அன்றாட வேலை செய்யும்போது மூட்டில் விழும் சுமையை நேரடியாக அளந்து 2010-ல் வெளியிட்டது. சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. படி ஏறினால் மூன்று மடங்குக்குச் சற்று மேல். படி இறங்கினால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 65 கிலோ ஆள் மேம்பாலத்திலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கும்போது அவருடைய முட்டி தாங்குவது 220 கிலோவுக்கும் மேல்.

இதோடு இன்னொரு அளவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் புகுபயாஷியும் குரோசாவாவும் 1980-ல் இறந்தவர்களின் முட்டிகளை ஒரு கருவியில் வைத்து, சுமார் 100 கிலோ எடைக்குச் சமமான விசையால் அமுக்கினார்கள். பிறைக்குருத்துகள் இருந்தபோது மூட்டில் அமுக்கம் பரவிய பரப்பு 11.5 சதுர சென்டிமீட்டர். அவற்றை வெட்டி எடுத்துவிட்டு அதே விசையால் அமுக்கியபோது 5.2.

இனி பள்ளிக்கூட வகுத்தல்தான். 100 கிலோவை 11.5-ஆல் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 5.2-ஆல் வகுத்தால் பத்தொன்பது கிலோ. ஆள் ஒரு கிலோகூட ஏறவில்லை. ஆனால் எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் இரண்டு மடங்குக்கு மேல் சுமக்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடிகள், அதுவும் வருடக்கணக்கில். அந்தக் குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசும் நிலையைத்தான் மூட்டுத் தேய்மானம் என்கிறோம். ஆக, பிறைக்குருத்தைக் காப்பாற்றுவது நாளைய தேய்மானத்தைத் தள்ளிப் போடுவது. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா வைத்தியமும் இந்த வகுத்தலிலிருந்துதான் கிளைக்கிறது.

முட்டியை மடக்க மடக்கப் பிறைக்குருத்தின் பங்கு இன்னும் கூடும். காலை நீட்டி நிற்கும்போது மூட்டில் விழும் சுமையில் பாதியை அது ஏற்கிறது. 90 டிகிரி மடக்கினால் 85 சதவீதம் வரை. ஆழமாகக் குந்தும்போது சுமை பின்பகுதிக்கு நகர்கிறது. குந்தி உட்கார்ந்து கோலம் போடுகிற, துணி துவைக்கிற, சம்மணமிட்டுச் சாப்பிடுகிற, தரையில் அமர்ந்து பூ கட்டுகிற வாழ்க்கையில் பின்பகுதி ஓயாமல் வேலை செய்கிறது. மூன்று அறிக்கையிலும் 'பின்பகுதி' என்றே இருந்தது தற்செயல் அல்ல.

வேண்டாத உறுப்பு என்று வெட்டிய காலம்

எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் என்ற அறுவை மருத்துவர் 1883-லேயே ஒரு சுரங்கத் தொழிலாளியின் முட்டியைத் திறந்து, பிய்ந்துபோன பிறைக்குருத்தை இடத்தில் வைத்துத் தைத்தார். அந்த வழியில் மருத்துவ உலகம் போகவில்லை. 1897-ல் பிளாண்ட்-சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், இது காலின் ஏதோ ஒரு தசையின் பயனற்ற மிச்சம் என்று எழுதினார். அந்தக் கருத்தே நிலைத்தது. கிழிந்தால் முழுதாக வெட்டி எடு என்பது பல பத்தாண்டுகளுக்கு எழுதாத சட்டமாக இருந்தது.

1948-ல் ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பிறைக்குருத்து எடுக்கப்பட்ட 107 முட்டிகளின் எக்ஸ்-ரே படங்களை அடுக்கிப் பார்த்தார். பலவற்றில் எலும்பின் ஓரத்தில் புது மேடு, தொடை எலும்பின் உருண்டை தட்டையாகிப்போனது, இடைவெளி குறைந்தது என்று மாற்றங்கள். அந்த உறுப்புக்கு வேலை இருக்கிறது என்று அவர் எச்சரித்தார். அப்படியும் முழு நீக்கம் வழக்கொழிய இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மருத்துவ வரலாற்றில் வருத்தப்பட வேண்டிய தாமதங்களில் இதுவும் ஒன்று. அந்த முப்பது ஆண்டுகளில் வெட்டப்பட்டவர்களில் பலர் முதுமைக்கு முன்பே முட்டி தேய்ந்து முடங்கினார்கள்.

மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு கருவி. டோக்கியோவில் கென்ஜி தகாகி 1918-ல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழலை ஒரு சடலத்தின் முட்டிக்குள் செலுத்திப் பார்த்தார். காசநோய் தாக்கி விறைத்துப்போகும் முட்டிகளை முன்கூட்டியே கண்டுபிடிப்பது அவர் நோக்கம். நம்மைப்போலவே தரையில் உட்கார்ந்து வாழும் ஜப்பானியருக்கு மடங்காத முட்டி பெரிய ஊனம். அவருடைய சீடர் மசாகி வதனபே அந்தக் குழலைச் செம்மைப்படுத்தி, 1962-ல் அதன் வழியாகவே பிறைக்குருத்தின் கிழிந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார். மூட்டைப் பிளக்காமல் இரண்டு சிறு துளைகளில் முடியும் ஆர்த்ராஸ்கோப்பி அங்கே பிறந்தது. இன்று போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா வளாகத்தில் இதற்கென்றே விளையாட்டுக் காயப் பிரிவு இருக்கிறது. மேற்குப் புறநகரின் பல நடுத்தர மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள்.

ரத்தம் எட்டும் ஓரம்

தோல் கிழிந்தால் ஆறுகிறது, பிறைக்குருத்து ஏன் தானாக ஆறுவதில்லை? 1936-ல் டான் கிங் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களின் முட்டியில் இதைச் சோதித்தார். பிறையின் நடுவில் மட்டும் இருந்த வெட்டு ஆறவே இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறையைத் தொடும்படி நீண்ட வெட்டு ஆறியது. ரத்தம் எட்டினால் ஆறும், எட்டாவிட்டால் ஆறாது.

மனித முட்டியில் அந்த எல்லை எங்கே என்று காட்டியவர்கள் ஆர்னோஸ்கியும் வாரனும். ரத்தக் குழாய்களுக்குள் மை ஏற்றிப் பார்த்து 1982-ல் அவர்கள் வெளியிட்ட படங்களின்படி, வளர்ந்தவர்களின் பிறைக்குருத்தில் வெளி ஓரத்திலிருந்து பத்து முதல் முப்பது சதவீதம் வரைதான் ரத்தம் போகிறது. பிறந்த குழந்தைக்கு முழுதும் ரத்தம் இருக்கும். பத்து வயதுக்குள் அது ஓரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. அறுவை அரங்கில் ஓரத்தைச் சிவப்பு வட்டம் என்றும் உள்பகுதியை வெள்ளை வட்டம் என்றும் சொல்வார்கள். சிவப்பு வட்டத்துக் கிழிசலைத் தைத்தால் ஒட்டும். வெள்ளை வட்டத்தில் தைப்பது பெரும்பாலும் வீண்.

கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு வருவோம். அவருடைய கிழிசல் பிறையின் வளைவோடு நீளவாக்கில், ஓரத்தை ஒட்டி ஓடுகிறது. கிழிந்த உள்பகுதி இரு முனையிலும் ஒட்டிக்கொண்டே நடுவில் புரண்டு மூட்டுக்குள் சிக்கிக்கொண்டது. வாளியின் கைப்பிடிபோல் தூக்கிக்கொள்வதால் இதை வாளிப்பிடிக் கிழிசல் என்றே அழைக்கிறார்கள். கால் நீளாமல் தடுப்பது அந்தத் துண்டுதான்.

இங்கே நாள் முக்கியம். சிக்கிய துண்டு வாரக்கணக்கில் நசுங்கினால் உருக்குலைந்து, தைக்க லாயக்கில்லாமல் போகும். அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் சாலைகளில் புத்தூர் கட்டுப் போர்டுகள் நிறைய. சுளுக்கு எடுக்கிறவர்களும் தெருவுக்கு ஒருவர். எலும்பு முறிவில் கட்டின் பயன் வேறு பேச்சு. ஆனால் முட்டிக்குள் புரண்டு சிக்கிய குருத்தை வெளியிலிருந்து உருவியோ கட்டியோ விடுவிக்க முடியாது. கால் நீளாமல் பூட்டிக்கொண்ட முட்டி எண்ணெய்க்கும் கட்டுக்கும் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இழப்புதான்.

வீக்கம் வந்த நேரத்தையும் மருத்துவர் கட்டாயம் கேட்பார். பிறைக்குருத்து மட்டும் கிழிந்தால் முட்டி பெரும்பாலும் மெதுவாக, மறுநாள் வாக்கில் வீங்கும். அடிபட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பந்துபோல் வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது, ஏ.சி.எல். அறுந்திருக்கலாம் என்று சந்தேகிப்பார். எக்ஸ்-ரேயில் பிறைக்குருத்து தெரியாது. மூட்டுக் கோட்டில் விரல் வைத்து அமுக்கியும், காலை மடக்கித் திருப்பியும் பார்த்த பிறகுதான் எம்.ஆர்.ஐ.க்கு எழுதுவார்கள்.

தைப்பதா, வெட்டுவதா

வெட்டினால் சீக்கிரம் நடக்கலாம். தைத்தால் காத்திருக்க வேண்டும். இளைஞர்களையும் அவர்களுடைய பயிற்சியாளர்களையும் தடுமாற வைப்பது இந்த வித்தியாசம்தான்.

2024 ஜூன் 3-ஆம் தேதி பிரெஞ்சு ஓப்பன் ஆட்டத்தின் நடுவே நோவக் ஜோகோவிச்சின் வலது முட்டியில் உள்பக்க மெனிஸ்கஸ் கிழிந்தது. ஜூன் 5 அன்று பாரிசில் அறுவை சிகிச்சை. ஜூலை 14 அன்று அவர் விம்பிள்டன் இறுதிப் போட்டியில் நின்றார். ஆகஸ்ட் 4 அன்று ஒலிம்பிக் தங்கம். தைத்து ஒட்டவைத்த முட்டியோடு இந்த வேகம் சாத்தியமில்லை. அப்போது அவருக்கு வயது 37; கையில் எல்லாப் பட்டங்களும் இருந்தன, மிச்சமிருந்தது ஒலிம்பிக் தங்கம்தான்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டுவைன் வேட் கதை நேர்மாறானது. 2002-ல் கல்லூரி மாணவராக இருந்தபோதே அவருடைய இடது முட்டியில் மெனிஸ்கஸ் நீக்கப்பட்டது. சீக்கிரமே களத்துக்குத் திரும்பி, பெரிய ஆட்டக்காரராகவும் ஆனார். ஆனால் அந்த முட்டி அவரை விளையாட்டு வாழ்க்கை முழுவதும் படுத்தியது. வலியும் வீக்கமும் வந்து வந்து பல ஆட்டங்களை இழந்தார். இருபது வயதில் வெட்டுவது 37 வயதில் வெட்டுவது போன்றதல்ல. அந்த முட்டி இன்னும் ஐம்பது வருடம் படி இறங்க வேண்டும்.

ஆகவே ஆவடி இளைஞருக்குத் தையல்தான் சரி. குழலின் வழியாகச் சிக்கிய துண்டைப் பழைய இடத்துக்குத் தள்ளி, கிழிந்த விளிம்புகளைச் சுரண்டி ரத்தம் கசிய வைத்து, சிறு தையல்களால் இணைப்பார்கள். பிறகு நாலு முதல் ஆறு வாரம் ஊன்றுகோலும் முட்டிப் பட்டையும். அந்தக் காலத்தில் 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. நாலு மாதம் குந்தக் கூடாது. இந்தியக் கழிப்பறை மட்டும் இருக்கிற வீட்டில் ஒரு நாற்காலிக் கழிப்பறையை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். ஓட்டமும் கபடியும் ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து. இத்தனைக்குப் பிறகும் ஐந்தாண்டுக் கணக்கில் பார்த்தால் தைத்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தையல் தோற்று, மறுபடி அறுவை தேவைப்படுகிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிடும் மருத்துவரை நம்பலாம்.

வலிக்காத கிழிசல்கள்

லேத் ஆபரேட்டரின் விஷயம்தான் மூன்றில் அதிகம் காணப்படுவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். ஸ்கேனில் கிழிசல் என்று எழுதியிருக்கிறது, முட்டியும் வலிக்கிறது, ஆகவே வலிக்குக் காரணம் கிழிசல் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அமெரிக்காவில் ஃபிரமிங்காம் என்ற ஊரில் 50 வயதைத் தாண்டிய 991 பேரை, முட்டி வலிக்கிறதா இல்லையா என்று பார்க்காமலேயே தேர்ந்தெடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2008-ல் முடிவு வெளிவந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் பிறைக்குருத்தில் கிழிசல் இருந்தது. எழுபது வயது தாண்டிய ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதத்தினர் முந்தைய மாதத்தில் முட்டியில் வலியோ விறைப்போ எதுவும் இல்லை என்றார்கள்.

தலை நரைப்பதைப்போல் பிறைக்குருத்தும் வயதோடு நார் நாராகப் பிரிகிறது. கிழிசல் கிடைமட்டமாக, பெரும்பாலும் வெள்ளை வட்டத்தில் இருக்கும். தைத்தாலும் ஒட்டாது. வெட்டினால்? அதைத்தான் பின்லாந்து மருத்துவர்கள் துணிச்சலாகச் சோதித்தார்கள்.

35 முதல் 65 வயதுக்குள், அடிபடாமல் கிழிசல் வந்த, மூட்டுத் தேய்மானம் இல்லாத 146 பேர். ஐந்து மருத்துவமனைகள். எல்லோரையும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோய், குழலை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒரு உறையைப் பிரித்தார்கள். யாருக்கு வெட்டுவது, யாருக்கு வெறும் பாவனை என்று அதில் குலுக்கல் முறையில் எழுதியிருந்தது. பாவனைக் குழுவுக்கும் கருவிகளைக் கேட்டு வாங்கினார்கள், முட்டியை மடக்கித் திருப்பினார்கள், இயந்திரத்தை ஓட்டி அதே சத்தத்தை எழுப்பினார்கள், அதே நேரம் படுக்க வைத்திருந்தார்கள். எந்தக் குழு என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு பரிசோதித்தவர்களுக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து இரு குழுவினருக்கும் வலி நன்றாகக் குறைந்திருந்தது. வெட்டியவர்களுக்கும் வெட்டாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2013 டிசம்பரில் இது வெளியானபோது எலும்பு மருத்துவ உலகில் பெரும் சர்ச்சை எழுந்தது.

நார்வேயில் சராசரியாக ஐம்பது வயதுடைய 140 பேரிடம் நடந்த இன்னொரு சோதனை 2016-ல் வந்தது. ஒரு பாதிக்கு அறுவை. மறு பாதிக்குப் பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மேற்பார்வையோடு பயிற்சி. இரண்டு வருடம் கழித்து வலியில் வித்தியாசம் இல்லை. பயிற்சிக் குழுவில் ஐந்தில் ஒருவர் பிறகு அறுவை செய்துகொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் பயன் கிடைக்காதவர்களுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

பயிற்சி என்றால் என்ன? கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டு ஒன்றை முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அமுக்கி ஐந்து விநாடி பிடிக்க வேண்டும். தொடையின் முன்தசை கல்லாக இறுகுவது கைக்குத் தெரியும். அது பழகியபின் காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துவது. பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. தொடைத் தசை வலுத்தால் ஒவ்வொரு அடியிலும் விழும் அதிர்வைத் தசை வாங்கிக்கொள்கிறது. நடையை நிறுத்தத் தேவையில்லை. வலி கூடாத தூரம் வரை நடக்கலாம். லேத்துக்கு முன் நாள் முழுக்க நிற்பவர், ஊன்றிய காலின் மேல் இடுப்பைத் திருப்புவதற்குப் பதிலாகப் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்பப் பழகினாலே பாதித் தொல்லை குறையும். எடை கூடியவராக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: முட்டித் தேய்மானம் உள்ள பருமனானவர்களிடம் செய்த ஆய்வு ஒன்றில், குறைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் முட்டியில் ஒவ்வொரு அடியிலும் நாலு கிலோ சுமை குறைந்தது.

வேர் அறுந்தால்

பூந்தமல்லி அம்மாவுக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய கிழிசலும் மேலோட்டமாகப் பார்த்தால் வயதின் கிழிசல்தான். லேத் ஆபரேட்டருக்குச் சொன்னதையே இவருக்கும் சொல்லி அனுப்பிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. தப்பிக்க வைப்பது அந்த 'டப்' சத்தமும், அதன்பின் திடீரென்று வந்த வலியும்.

உள்பக்கப் பிறையின் பின் நுனி எலும்பிலிருந்து பிய்ந்துவிட்டது. ஐம்பதை ஒட்டிய பெண்களில், குறிப்பாகத் தரையோடு வாழும் ஆசியச் சமூகங்களில் இது அடிக்கடி வருகிறது. இதைப் பற்றி அதிகம் எழுதியவர்களில் கொரிய மருத்துவர்கள் முக்கியமானவர்கள். 2008-ல் ஒரு ஆய்வகச் சோதனை, வேர் பிய்ந்த முட்டியில் உச்ச அழுத்தம் கால் பங்கு கூடுவதையும், அது பிறைக்குருத்தையே முழுதாக எடுத்துவிட்ட முட்டிக்குச் சமமாக இருப்பதையும் காட்டியது. பார்க்க எல்லாம் இருக்கிறது, செயலில் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட முட்டிகள் சில வருடங்களிலேயே வேகமாகத் தேய்கின்றன.

வேருக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் ஒட்டவைக்க முடியும். கீழ்க்கால் எலும்பில் முன்பக்கத்திலிருந்து பின்பக்க மேல்முனைக்கு மெல்லிய சுரங்கம் துளைத்து, பிய்ந்த நுனியில் கோத்த நூலை அதன் வழியே இழுத்து முன்னால் முடிச்சிடுகிறார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. ஏற்கெனவே குருத்தெலும்பு தேய்ந்திருந்தாலோ, கால் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருந்தாலோ தைத்த வேர் தாங்காது. முழு காலையும் நிற்க வைத்து எக்ஸ்-ரே எடுக்கச் சொன்னது அதற்காகத்தான். பொருந்தும் முட்டி என்றால், தேய்மானம் தொடங்குவதற்கு முன் செய்துவிட வேண்டும். ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினக்கூலிக் குடும்பத்துக்குப் பெரிய சிக்கல். பிறகும் பூ கட்டத் தரைக்குத் திரும்பக் கூடாது. நாற்காலியும் முன்னால் ஒரு மேசையும் வேண்டும்.

ஸ்கேன் கவரோடு போகும்போது

கையில் இருக்கும் அறிக்கையைக் காட்டி, கிழிசல் ஓரத்திலா உள்ளேயா, நீளவாக்கிலா கிடைமட்டமா, வேர் ஊன்றியிருக்கிறதா என்ற மூன்றையும் கேட்கலாம். அறுவை என்று சொன்னால், தைக்கப் போகிறீர்களா வெட்டப் போகிறீர்களா, வெட்டினால் எவ்வளவு என்றும் கேட்கலாம். நின்றபடி எடுத்த எக்ஸ்-ரே இல்லாமல் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முடிவெடுப்பது அவசரம். பூட்டிக்கொள்ளாத, நடக்க முடிகிற, மெதுவாக வந்த வலிக்கு முதல் வாரத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

சம்பளம் போய்விடுமே என்ற பயத்தில் தையலைத் தவிர்த்து, சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்று வெட்டிக்கொள்கிறவர்களும், ஆபரேஷனையே தள்ளிப் போடுகிறவர்களும் தொழிற்பேட்டைகளில் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கப்படுகிறவராக இருந்தால், ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், நோய்ப்படியாகக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். தைத்த முட்டிக்குத் தேவைப்படும் ஆறு வாரமும் அதன்பின் பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியும் அதற்குள் அடங்கும். அறுவைக்கு அயனாவரம், கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. வேலை நேரத்தில் வழுக்கியோ முறுக்கியோ முட்டி கிழிந்திருந்தால் அது நோய் அல்ல, தொழில் காயம். அதற்குக் கூலியில் 90 சதவீதம், குணமாகும் வரை. அதைப் பெற வேண்டுமென்றால் அடிபட்ட அன்றே கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்து, எந்தக் கால், எத்தனை மணிக்கு, எப்படித் திரும்பியது என்ற விவரத்தோடு டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும்.